பெடலில் உயிர் இல்லை

ஜனவரி 6, திங்கள்

பம்பு செட் கடையில் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் தேதி அச்சடித்து வைத்திருப்பதால், காலியாக விட்டால் வடித்த சோற்றைக் கொட்டிய மாதிரி இருக்கிறது. டெலிபோன் ஆபீஸில் இருந்த காலத்தில் தினமும் எழுதுவேன். ரிட்டயர் ஆனதும் விட்டுப்போயிற்று. இந்த வருஷம் எழுத விஷயம் இருக்கிறது. வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்கிறது.

மகள் மிருதுளா வாங்கிக் கொடுத்தது. ஓசூரில் இருந்துகொண்டே போனில் புக் செய்துவிட்டாள். இன்று ஷோரூம்காரர்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, மாலை போட்டு, எங்களை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளை நிறம். கியர் தானாகவே மாறிக்கொள்ளும், கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. அதற்காகத்தான் இந்த வண்டி. போன புரட்டாசியில் சர்க்கரை முற்றி, இவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்.

இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "முறுக்கு டப்பா மூடற மாதிரி இருக்குது" என்றார். பெற்ற மகள் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்து முதலில் சொல்கிற வார்த்தையா இது? எனக்கு வந்த கோபத்தில் கேசரியை அவருக்குக் கொடுக்காமலே எடுத்து வைத்துவிட்டேன். அவருக்குக் கொடுக்கவும் கூடாதுதான்.

ஜனவரி 9, வியாழன்

போர்ட்டிகோவில் இப்போது இரண்டு வண்டி. நடுவில் நான் கோலமாவு டப்பாவோடு ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது.

பழையது, கூபே என்கிற தாழ்வான ரகக் கார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் இத்தாலியில் செய்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் கோழி அடைத்துக் கிடந்ததை இவர் வாங்கி, எலும்பு எலும்பாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். பாசிப்பயறு நிறம். இரண்டே கதவு. பின்னால் சீட் என்று ஒன்று உண்டு, அதில் பரங்கிக்காயை உட்கார வைக்கலாம், மனுஷரை முடியாது. அந்த வண்டியில் இவர் பந்தயம் ஓட்டி ஜெயித்த கோப்பை இரண்டு ஷோகேஸில் இருக்கின்றன. துடைக்கிறவள் நான்.

நேற்று இரண்டையும் ஒப்பிட்டு இவர் பேசியதை அப்படியே எழுதினால் டைரி தீர்ந்துவிடும். கூபேயில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை அமுக்கி, கொஞ்சம் பொறுத்துச் சாவி போட வேண்டுமாம். வெள்ளை வண்டியில் பொத்தானை அமுக்கினால் போதும், மிக்ஸி மாதிரி. கூபேயில் ரோட்டில் ஒரு கல் கிடந்தால் ஸ்டியரிங் கைக்குச் சொல்லுமாம், வெள்ளை வண்டியில் ஆளையே ஏற்றினாலும் தெரியாதாம்.

என் ஒப்பீட்டை யாரும் கேட்கவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன். கூபேயில் ஏறுவது என்பதே கிடையாது, இறங்க வேண்டும், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதிலிருந்து வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் கல்யாண மண்டப வாசலில் நான்கு பேர் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மழை வந்தால் என் முழங்காலில் சொட்டும். வெள்ளை வண்டியில் கதவைத் திறந்தால் இடுப்பு உயரத்துக்குச் சீட், அப்படியே உட்கார்ந்துகொள்ளலாம். குளுகுளுவென்று காற்று. கையெட்டும் இடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு குழி. எனக்கு வெள்ளை வண்டிதான் பிடித்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

முதல் தடவை ஓட்டும்போது கிளட்ச் என்று நினைத்துச் செயற்கைக் காலால் பிரேக்கை மிதித்துவிட்டார். தேங்காய்ப் பை முன்னால் பறந்தது. இப்போது ஏறியதும் அந்தக் காலைக் கையால் தூக்கிச் சீட்டுக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். செயற்கைக் கால் சொன்ன பேச்சுக் கேட்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மிருதுளா வரவில்லை, லீவு இல்லையாம். இரண்டு பேருக்கு எவ்வளவு பொங்கல் வைப்பது? வைத்தேன்.

சாமி கும்பிட்டுவிட்டுப் பார்த்தால் இவர் வீட்டுக்குள்ளும் போட்டிருக்கிற வலது கால் செருப்பு வாசல்படியில் தனியாகக் கிடக்கிறது. கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். மனசெல்லாம் வண்டி மேலே இருந்தால் செருப்பு எங்கே ஞாபகம் இருக்கும்?

ஜனவரி 18, சனி

இடது காலை எடுத்தபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: மிச்சம் இருக்கிற காலைத் தினமும் சாயங்காலம் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால் எல்லாம். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன்.

முன்பெல்லாம் பெரிய ரகளை. பாதத்தில் கை வைத்தாலே கூசுகிறது என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார், சிரிப்பார், விடவே மாட்டார். இப்போது சமர்த்தாகிவிட்டார். காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நான் பார்த்து முடித்து, எண்ணெய் தடவி எழுந்த பிறகும், "ஆச்சா?" என்று கேட்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு காரியத்திலாவது சொன்னபடி கேட்கிறாரே.

ஜனவரி 23, வியாழன்

காந்திபுரம் சிக்னலில் வெள்ளை வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. போலீஸ்காரர் பார்த்துவிட்டு, வயசானவர் என்று விட்டுவிட்டார். அதற்கு இவருக்குக் கோபம்.

 வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். "இந்த வண்டியில பெடல்ல உயிரே இல்ல அம்மிணி. மிதிச்சனா மிதிக்கலியான்னே தெரிய மாட்டீங்குது. கூபேல பாரு, பிரேக்கு காலைத் திருப்பித் தள்ளும். எத்தன மிதிச்சம்னு அதே சொல்லும். இது பஞ்சு மூட்டையில கால் வெச்ச மாதிரி."

புது வண்டியெல்லாம் அப்படித்தானாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம், ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரிய விடுவதில்லையாம். இருக்கும். வண்டி விஷயத்தில் இவர் சொல்வது தப்பாகப் போனதே இல்லை. பக்கத்து வீட்டு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவர்.

ஜனவரி 28, செவ்வாய்

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பிரேக் பெடலைப் பார்த்தார்கள், வண்டியைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தார்கள், ஒருவர் ஓட்டிப் போய்விட்டு வந்து ஒன்றும் குறையில்லை என்றார். சரியாகத்தான் இருக்கிறது சார், பழக ஒரு மாசம் ஆகும் சார் என்று இரண்டு தடவை சொன்னார்.

 எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்னாலே பந்தயத்தில் ஓட்டினவர், அவர் உயிர் இல்லை என்றால் இல்லை, நன்றாகப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், இன்னொரு தடவை தூக்கி வைத்துப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது இவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ வந்து பேசினது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கும் ஒரு மிதப்பாகத்தான் இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

வெள்ளை வண்டி கேட் தூணில் இடித்துவிட்டது. பெயின்ட் மட்டும்தான். மிருதுளாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அந்தோணி வந்திருந்தார். கூபேக்கு மெக்கானிக், பந்தயக் காலத்திலிருந்து இவருக்குக் கூட்டாளி, இவரை அண்ணா என்பார், என்னை அண்ணி. வண்டியின் தரைத் தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்ததை வெல்டிங் வைத்து முடித்துவிட்டார். விரிப்பையும் அதற்கு அடியில் இருந்த கனத்த கம்பளியையும் பிய்த்துப் போட்டாயிற்று. புதுசு சொல்லியிருக்கிறாராம், வருவதற்கு நாளாகும். அதுவரை தரை வெறும் தகடுதான்.

இரண்டு பேரும் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக்கொண்டு வெள்ளை வண்டியைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தோணி அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஆமாண்ணா, கொஞ்சம் மெத்துனுதான் இருக்குது என்றார். போதாதா இவருக்கு? செயற்கைக் காலை வைத்துக்கொண்டு கூபேயின் கிளட்சை மிதிக்க முடியுமா என்று ஆரம்பித்துவிட்டார். தொடையிலிருந்து தள்ளினால் முடியுமாம். இஞ்சினை அணைத்து வைத்து மிதித்துக் காட்டினார். முடிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார். ஒரே ஒரு தடவை கூபேயை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதில் பெடல் தெரிந்துவிட்டால், குறை வெள்ளை வண்டியில்தான் என்று ஆகிவிடும். மிருதுளாவிடம் சொல்லி வண்டியை மாற்றிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. மோர் ஊற்றச் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். ஆனைகட்டி வரைக்கும்.

விடிகாலையிலேயே கிளம்பிவிட்டோம், ரோட்டில் வண்டி குறைவாக இருக்கும் என்று. உட்கார்ந்ததும் இவர் வலது கால் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டாக்டரம்மா சொல்லி வாங்கின மெத்தைச் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் எந்த வண்டியிலும் ஒன்றும் தெரியாது என்றார். "காலுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது அம்மிணி. அந்தக் காலத்துல நாங்கெல்லாம் மெல்லிசுத் தோல்லதான் ஓட்டுவோம்." செருப்பை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த இஞ்சின் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! தடாகம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. கிளட்சுக்குச் செயற்கைக் காலைத் தொடையோடு சேர்த்துத் தள்ளுகிறார், கியர் ஒரு கறகறப்போடு விழுகிறது, வண்டி போகிறது. முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பிருந்த முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் என்னால் காலைக் கீழே வைக்க முடியவில்லை. தரை கொதிக்கிறது. புகைக்குழாய் அடியில்தான் போகிறது, மேலே கம்பளியும் இல்லை, வெறும் தகடு. தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரி இருந்தது, அதுவும் செருப்புப் போட்ட எனக்கு. பையைக் கீழே போட்டு அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன். ஏனுங்க, உங்களுக்குச் சுடலீங்களா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் சுடலியே" என்றார். "நீ ஏசி வண்டியில போயிப் பழகிட்ட."

குதிகாலைத் தகட்டில் ஊன்றிக்கொண்டுதான் ஓட்டினார், எப்போதும் அப்படித்தான். போகும்போதும் வரும்போதும் எடுக்கவில்லை.

இன்னொன்று. வளைவுகளில் பிரேக் போடுவதற்கு முன்னால் குனிந்து காலைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவர் பெடலைப் பார்த்து நான் பார்த்ததில்லை. செயற்கைக் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்திருப்பார்.

ஆனைகட்டியில் டீக்கடையில் நிறுத்தினோம். பெடல் எப்படி என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் தெரியுது" என்றார். "இதுல எல்லாமே தெரியுது." அப்புறம் டீ ஆறிப்போகும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து காலை அவரே கழுவிக்கொண்டார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன், இன்றைக்கு விடு அம்மிணி, தூக்கம் வருது என்றார். எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மருதமலைக்குப் போகிற ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாம் நம் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டம். காலையிலிருந்து பன்னிரண்டு பேருக்குச் சமையல். நேற்று முழுக்க அதற்கு ஏற்பாடு. உட்கார நேரமில்லை. இவர் வந்தவர்களுக்கெல்லாம் கூபேயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார், வெறுங்காலோடு.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் தரை துடைக்கும்போது பாத்ரூமிலிருந்து கூடம்வரை ஈரத் திட்டுக்கள். எண்ணெய் மாதிரி பிசுக்கு. ஒறம்பரைப் பிள்ளைகள் எதையோ கொட்டியிருக்கின்றன என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருக்கிறது. அடி அடியாக, ஒரு காலுக்கு மட்டும்.

இவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ணாடியைத் தொடவேயில்லை, இன்று தேவைப்படவும் இல்லை. குதிகால் முழுக்கத் தோல் வழன்று தொங்குகிறது. கொப்புளம் உடைந்து, அதன் மேலேயே நடந்திருக்கிறார். நாற்றம் வேறு.

நான் போட்ட சத்தத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "என்னாச்சு?" என்று கேட்கிறார். தன் காலில் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்கிறார்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

எங்கே சுட்டுக்கொண்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். எங்கேயும் இல்லைங்க என்றார் இவர். வெந்நீரில் காலை வைத்தீர்களா? இல்லை. நான்தான் கூபேயைச் சொன்னேன். தகட்டுத் தரை, ஆனைகட்டி, போக வர. சொல்லச் சொல்ல இவர் என்னையே பார்த்தார். "சுடவே இல்லியே டாக்டர். சுட்டிருந்தா எடுத்திருப்பனே" என்றார்.

அந்த அம்மா ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார், துணி உலர்த்தும் கயிற்றில் ஒரு நார் மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் தொடும்போது தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி முகம்.

பெருவிரலில் தொட்டார். இவர் பேசவில்லை. விரல்களுக்குக் கீழே தொட்டார், வளையும்வரை அழுத்தினார். பேசவில்லை. கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு சும்மா நின்றார். "தெரியுது" என்றார் இவர். மறுபடியும் தொட்டார். பேச்சில்லை. கையை எடுத்துவிட்டு நோட்டில் எழுதப் போனார். "இப்பத் தெரியுது. நல்லாத் தெரியுது" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கூசவில்லை என்று காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தாரே, அதை நான் சமர்த்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கண்ணைத் திறக்கச் சொல்லி, சர்க்கரையால் காலில் உணர்ச்சி நரம்புகள் போய்விட்டன, சில மாதமாகவே போயிருக்கும் என்று சொன்னார். இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்ப அந்த வெள்ளை வண்டி நல்ல வண்டிதான் அம்மிணி. நாமதான் அதைத் திட்டிப்போட்டோம்."

பிப்ரவரி 17, திங்கள்

தினமும் சுத்தம் செய்கிறார்கள். நான் வெளியே நிற்கிறேன். அவருக்கு வலிப்பதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

எலும்புக்குப் போய்விட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, தள்ளிப் போட்டால் சொல்ல முடியாது என்கிறார்கள். மிருதுளா வந்திருக்கிறாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள். தான்தான் கூபேயை அப்போதே விற்கச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள். எல்லோரும் ஆளுக்கொரு தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இவர் முடியாது என்கிறார். வேண்டாம், எடுக்க வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.  மகள் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

மத்தியானம் மிருதுளாவைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். ஏனுங்க, செத்துப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா என்று நேராகவே கேட்டேன்.

 "இடது போனப்ப வலது இருக்குதுன்னு இருந்தேன். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலதுலதான, பார்த்துக்கலாம்னு இருந்தேன். இதுவும் போச்சுன்னா நான் என்னத்துக்கு அம்மிணி?" என்றார். பிறகு, "ஆனைகட்டியிலயே எனக்குத் தெரியும். பெடலு எங்கிருக்குதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் மிதிச்சேன். உங்கிட்டத் தெரியுதுன்னு பொய் சொன்னேன். அந்த ஒரு நாளு மட்டும் தெரிஞ்சாப்பல இருக்கட்டும்னு."

எனக்கும் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே இன்னும் புரியவில்லை.

வேறு சொன்னேன். இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தது. "அந்த வண்டி எனக்கு ஒரு நாளும் புடிச்சதில்லீங்க. குனிஞ்சு ஏறி, முட்டி வலிச்சு, மழையில நனைஞ்சு வந்ததெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்கன்னுதான். வண்டி ஓட்டற ஆளு எனக்கு வேண்டாமுங்க. ஊட்டுல உக்காந்துட்டு என்னை ஏதாச்சும் சொல்லிட்டு இருக்கற ஆளு போதும்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நர்ஸ் வந்தபோது, டாக்டரம்மாவை வரச் சொல்லுங்க என்றார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் எடுத்தார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். போர்ட்டிகோவில் அந்தோணி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் சுருட்டி வைத்த புது விரிப்பு, கம்பளியோடு. நேற்றே வந்துவிட்டதாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, அண்ணி, இது ஒரு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வயசான மனுஷர் அப்படி அழுவதை நின்று பார்க்க முடியவில்லை.

உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். விரிப்பு இருந்திருந்தாலும் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒரு முள், ஒரு கல். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார்.  காபி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். போகும்போது கூபேயின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

நான் வெள்ளை வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட் தூணில் இடித்த இடத்தில் பெயின்ட் போய்க் கறுப்பாக இருந்தது. பாவம், அது என்ன செய்தது? சொன்ன இடத்தில் நின்றது, மிதித்தால் மிதித்த அளவுக்கு நின்றது. எல்லோருமாகச் சேர்ந்து அதைக் கெட்ட பேர் எடுக்க வைத்தோம். புடவைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தேன். போகவில்லை.

மார்ச் 8, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளை வண்டியில்தான் வந்தோம், மிருதுளா ஓட்டினாள். சீட் உயரமாக இருப்பதால் சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே நகர்த்தி உட்கார வைக்க முடிந்தது. கூபேயாக இருந்தால் முடிந்திருக்காது.  மிருதுளா அவிநாசி ரோட்டில் ஒரு லாரியை ஒட்டிப் போனபோது இவர், மெதுவா கண்ணு என்றார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அடுப்படியில் இருந்தேன். அம்மிணி என்று கூப்பிட்டார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். ஓடிப் போனேன். கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது.

"குதிகால் சுடுது" என்றார்.

எந்தக் குதிகால் என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை.

"வலது குதிகாலு. தகட்டு மேல வெச்ச மாதிரி கொதிக்குது அம்மிணி. எடுக்கலாம்னா எடுக்க முடியல."

இப்படி வரும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கால் போன பிறகும் கால் இருக்கிற மாதிரி வலிக்கும், மாத்திரை கொடுங்கள் என்றார். மாத்திரை கொடுத்தேன். விசிறினேன். மிருதுளா பயந்துபோய்க் கதவோரம் நின்றாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இப்பத் தெரியுது, இப்பத் தெரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாத்ரூமுக்குப் போய்த் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தேன். அவருடைய வலது கால் முடிகிற கட்டுக்குக் கீழே, வெறும் போர்வைதான், குதிகால் இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில், மடித்து வைத்தேன். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

"இப்பத் தேவல" என்றார். "இன்னும் கொஞ்சம் கீழ."

கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தேன். போர்வை நனைந்து மெத்தை நனைந்தது. துண்டு சூடாகிவிட்டது என்றார். எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் நனைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.